எங்க தாத்தா பேர் எந்தக் கல்லில்? போரில் மாண்டவர்கள், கல்லறைகள், மரியாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் சாலையில் எங்கள் ஊர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், பட்டாளத்தில் இந்தி என்று மூன்றும் பழகியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து எனக்கு மனு எழுதிக் கொடுப்பதே வேலையாகிவிட்டது. பென்ஷன் மனுவுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது போரில் இறந்தவர்களைப் பற்றித்தான். ஒரே சந்தேகத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து முறை பதில் சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

போர்ல செத்தவங்களுக்குன்னு நம்ம நாட்டுல தனியா கல்லறை கீதா சார்?

அமெரிக்காவில் அர்லிங்டன் என்று ஓர் இடம் உண்டு. 1864-ல் தொடங்கியது, அந்நாட்டு ராணுவமே நடத்துகிறது, நாலு லட்சம் பேருக்கு மேல் அங்கே அடக்கம். அந்த மாதிரி ஒரு தேசிய ராணுவக் கல்லறை நம் நாட்டில் இல்லை. நம் வீரர்களில் பெரும்பாலோரை எரிக்கிறோம், உடலை ஊருக்கு அனுப்பிவிடுகிறோம், அதனால் அப்படி ஓர் இடம் தேவைப்படவில்லை. அதற்குப் பதிலாக டில்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. அது பெயர்களுக்கான இடம், உடல்களுக்கானது அல்ல.

நம் மண்ணில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் போர்க் கல்லறைகள் பலவும் இரண்டு உலகப் போர்களைச் சேர்ந்தவை. சென்னை நந்தம்பாக்கம், புனே கிர்க்கி, டில்லி, கொஹிமா, இம்பால் இவையெல்லாம் அந்த வகை. இவற்றைப் பார்த்துக்கொள்வது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917 மே மாதம் லண்டனில் வேறு பெயரில் தொடங்கப்பட்டு, 1960-ல் இந்தப் பெயரைப் பெற்றது. சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் பொறுப்பில் உள்ளன. கீழே 'ஆணையம்' என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

நந்தம்பாக்கத்துல இருக்கிறது வெள்ளைக்காரங்க கல்லறைதானே?

அவர்களும் இருக்கிறார்கள், நம்மவர்களும் இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர்ப்புறக் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்தவர்களை, அங்கே நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லை என்று 1952-ல் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்த எண்ணூற்றைம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். பின்பக்கத்தில் முதல் உலகப் போருக்கான நினைவுச் சுவர் ஒன்று, அதில் 1,039 பெயர்கள்.

அங்கே முதல் தடவை போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். மேஜருக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று கிடையாது. எல்லாம் ஒரே அளவு. பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவர் பெயரும் கல்லிலோ சுவரிலோ நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது ஆணையம் தனக்கு வகுத்துக்கொண்ட விதி. அந்த விதி எங்கே மீறப்பட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம்ம ஆளுங்களை எரிச்சிடுவோமே, அப்புறம் எப்படிக் கல்லு வெக்கிறது?

சரியான கேள்வி. எரிக்கப்பட்டவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்கள் பெயரைச் சேர்த்துப் பொறித்த தகன நினைவுச்சின்னம் இருக்கும். கொஹிமாவில் அடக்கமான 1,420 பேருக்குத் தனித்தனிக் கல் என்றால், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குப் பெயர்ச் சுவர். இங்கிலாந்தில் பிரைட்டன் அருகே, காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்த 53 பேரை எரித்த மேட்டில் 1921-ல் வெள்ளைப் பளிங்கில் ஒரு சத்திரி, அதாவது குடை போன்ற மண்டபம், எழுப்பினார்கள். அடக்கம் செய்யப்பட்ட இந்திய வீரர்களின் கல்லில் சிலுவைக்குப் பதிலாக அவரவர் மதத்தின் வாசகம் இருக்கும். முஸ்லிமுக்கு அரபியில், சீக்கியருக்குக் குர்முகியில், இந்துவுக்குத் தேவநாகரியில்.

தமிழில் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தாயிற்று.

எங்க கொள்ளுத்தாத்தா மொத உலகப் போருக்குப் போனவரு, திரும்பல. பேர் எங்க இருக்கும்?

எந்தப் போர்முனைக்குப் போனார் என்பதைப் பொறுத்தது. பிரான்சில் செத்து உடல் கிடைக்காதவர் என்றால் நெவ் ஷாப்பெல் நினைவுச்சின்னம். 1927-ல் திறந்தது, நம்மவர் பெயர் மட்டும் 4,700-க்கு மேல். வடமேற்கு எல்லைச் சண்டை என்றால் டில்லி இந்தியா கேட், சுமார் 13,000 பெயர்கள். எகிப்து, பாலஸ்தீனம் பக்கம் போனவர்கள் பெயர் சூயஸ் கால்வாய் ஓரம் டெவ்ஃபிக் துறைமுகத்தில் இருந்தது. 1967-க்குப் பிந்தைய எகிப்து–இஸ்ரேல் சண்டைகளில் அந்தச் சின்னமே சிதைந்துபோய், 1980-ல் கெய்ரோ பக்கம் ஹீலியோபோலிஸ் கல்லறையில் பெயர்களை மறுபடி வைத்தார்கள். ஒரு போரில் செத்தவன் பெயர் இன்னொரு போரில் இடிந்து விழுந்திருக்கிறது.

ஆனால் நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் போனது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் அங்கே பாலம் கட்டினார்கள், ரோடு போட்டார்கள். அங்கே உடல் கிடைக்காதவர்களுக்காக பாஸ்ராவில் பெரிய நினைவுச்சின்னம், 40,000-க்கும் மேற்பட்டோருக்கு. அங்கேதான் அந்த விதி வழுக்கியது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்தவர்கள், இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் பொறித்துவிட்டு மற்றவர்களை இந்த ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். 2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு குழு அறிக்கையை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் சமமாக மதிக்கப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை அல்லது நினைவுகூரலே இல்லை, அது மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம் என்பது அறிக்கையின் கணக்கு. 1997-ல் இராக் அரசு அந்தச் சின்னத்தையே பெயர்த்து நாசிரியா போகும் சாலையில் பாலைவனத்தில் வைத்துவிட்டது என்பது தனிக் கதை.

அதனால் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் கல்லில் இல்லை என்றால் அவர் போகவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது: இங்கிருந்து 277 பேர் அந்தப் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. காய்கறி வாங்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அதிலும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை.

ஆணையத்தோட வெப்சைட்ல தேடினோம், வரல. பேரே இல்லைன்னு அர்த்தமா?

பெரும்பாலும் எழுத்துக் கோளாறுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆங்கிலேயக் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். முனுசாமி என்ற ஒரு பெயரையே ஏழெட்டு விதமாக எழுதலாம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அப்பா பெயரையும் ஊரையும் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் போட்டுத் தேடுங்கள்.

எங்கள் பக்கத்தாருக்கென்று ஒரு யோசனை. மாவட்டப் பெயரை 'வட ஆற்காடு' என்று போடுங்கள். அப்போது வேலூர் மாவட்டம் என்ற பெயரே இல்லை. சித்தூர் ஜில்லாகூட 1911-ல்தான் பிறந்தது, அதற்கு முன் சித்தூரும் வட ஆற்காட்டில்தான். முதல் உலகப் போர்ச் சமயத்தில் பலர் பழைய பழக்கத்தில் வட ஆற்காடு என்றே சொல்லியிருப்பார்கள். இன்று ஆந்திராவில் இருக்கும் கிராமத்து ஆளை வட ஆற்காட்டிலும் தேட வேண்டும், சித்தூரிலும் தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியானது சர்வீஸ் நம்பர். அதற்கு வீட்டைத்தான் துழாவ வேண்டும். முதல் உலகப் போர் மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் குத்தியிருக்கும். இறந்தவர் வீட்டுக்கு உள்ளங்கை அகலத்தில் வெண்கலத் தட்டு ஒன்றும் அனுப்பினார்கள். சூலம் ஏந்திய ஒரு பெண், பக்கத்தில் சிங்கம், ஓரத்தில் பெயர். அதிலும் பதவி கிடையாது, வெறும் பெயர்தான். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அதைச் சாமி படம் என்று நினைத்துப் பூஜையில் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டு டம்ளர் வாங்கிவிட்டார்கள்.

அவரு குண்டடி பட்டுச் சாகல, காலராவுல செத்தாரு. அதெல்லாம் கணக்கா?

கணக்குத்தான். ஆணையத்தின் விதிப்படி இரண்டு காலங்கள் உண்டு: 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்தத் தேதிகளுக்குள் சர்வீஸில் இருந்தபோது எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் சேரும். காய்ச்சல், விபத்து, கப்பலில் வந்த நோய் எல்லாமே. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து இறந்தவர் என்றால், சர்வீஸில் பட்ட காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும். 1922-ல் இறந்தவர் என்றால் எவ்வளவு காயம் பட்டிருந்தாலும் வெளியேதான். கடுமையாகத் தோன்றும், ஆனால் எங்காவது கோடு போட்டாக வேண்டும் அல்லவா?

பேர் தப்பா இருந்தா, விட்டுப்போயிருந்தா, இப்ப சேர்க்க முடியுமா? நூறு வருஷம் ஆச்சே.

முடியும். ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். தாத்தா சொன்னார், பாட்டி சொன்னார் என்பது போதாது. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், அந்தக் காலத்து மணியார்டர் ரசீது, மெடல் விளிம்பின் போட்டோ என்று அந்தக் காலத்துக் காகிதமாக இருக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும்.

ஒரு முறை உள்ளூர் அலுவலகம் ஒன்றில் ஒரு பாட்டியின் அசல் பென்ஷன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு மாதம் கழித்துக் காணவில்லை என்று கைவிரித்தார்கள். அதிலிருந்து நான் யாருக்கும் சொல்வது: அசலைக் கையை விட்டு விடாதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

வெள்ளைக்காரனுக்காகப் போய்ச் செத்தவனுக்கு எதுக்கு சார் மரியாதை?

இதைக் கோபமாகக் கேட்கிறவர்கள் உண்டு. வேலூர்க்காரர்கள் கேட்டால் எனக்கு ஆச்சரியமில்லை. 1806 ஜூலை 10-ல் கோட்டைக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த சிப்பாய்களின் ஊர் இது. அவர்களுக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் மலர் வளையம் வைக்கிறார்கள். அன்று செத்த ஆங்கிலேயர்களுக்குக் கோட்டைப் பக்கத்துப் பழைய கல்லறையில் இடம். இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

யாருக்குக் கல் நிற்க வேண்டும் என்பதை அதிகாரம் முடிவு செய்யும்போது என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். 1945 ஜூலையில் நேதாஜி அங்கே தன் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) வீரர்களுக்கு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை இடித்தது. அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வரவே 1995 ஆனது. அதே சிங்கப்பூர் கிராஞ்சியில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் செத்த நம்மவர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. ஒரே தெருவிலிருந்து போன அண்ணன் தம்பி இரு பக்கமும் இருந்திருக்கலாம். பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து பதினெட்டு வயதில் கைநாட்டு வைத்துப் போனவனிடம் கொள்கை விளக்கம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்சியைத் திட்டுங்கள், அவன் பெயரை அழிக்க வேண்டாம். இது என் அபிப்பிராயம்.

அப்பல்லாம் பாடியை ஏன் ஊருக்கு அனுப்பல? இப்ப விமானத்துலயே வருதே?

முதல் உலகப் போரில் 1915-லேயே பிரிட்டன் தடை போட்டுவிட்டது. பணக்கார வீட்டுப் பிள்ளை மட்டும் ஊருக்கு வருவான், ஏழை அங்கேயே கிடப்பான் என்பது ஒரு காரணம். லட்சக்கணக்கில் அனுப்ப முடியாது என்பது இன்னொன்று. அமெரிக்காவும், போர் முடிந்த பிறகு பிரான்சும் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டன.

நம் ராணுவத்திலும் 1962, 65, 71 சண்டைகளில் பெரும்பாலும் போர்முனைப் பக்கத்திலேயே எரித்துவிட்டு, சாம்பலும் பெட்டியும் வீட்டுக்கு வரும். சில வீடுகளுக்குத் தந்தி மட்டும்தான் வந்தது. 1999 கார்கிலில்தான் ஒவ்வொரு உடலையும் சொந்த ஊருக்கே அனுப்புவது வழக்கமானது. சியாச்சின் பனியில் 1984-ல் புதைந்த ஒரு வீரரின் உடல் 38 ஆண்டு கழித்து 2022-ல் கிடைத்து ஊருக்கு வந்தது. மனைவி அதுவரை காத்திருந்தார்.

சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவங்க பேர் எங்க?

டில்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. நாலு வட்டங்கள் உண்டு. அதில் தியாகச் சக்கரம் என்ற வட்டத்தின் கருங்கல் சுவர்களில் சுமார் 26,000 பெயர்கள். இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் இங்கே எரியும் ஜோதியோடு சேர்த்தார்கள். அது சரியா தவறா என்று பெரிய சண்டையே நடந்தது.

இலங்கைக்குப் போய் 1987 முதல் 90 வரை இறந்த அமைதிப்படையினர் சுமார் 1,200 பேருக்குக் கொழும்பு அருகே பத்தரமுல்லையில் தனி நினைவுச்சின்னம் உண்டு. அதைப் பற்றி நம் ஊரில் பேச்சு எடுத்தாலே வேறு பக்கம் போய்விடும். பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேப்பர்ல '21 குண்டு முழங்க'ன்னு போடுறாங்க, சில சமயம் 24-ன்னு போடுறாங்க. எது சரி?

ராணுவ இறுதி மரியாதையில் துப்பாக்கி வீரர்கள் ஒரே நேரத்தில் மூன்று தடவை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். அவ்வளவுதான். ஏழு பேர் நின்றால் 21, எட்டுப் பேர் நின்றால் 24. நிருபர் பெருக்கிப் போட்டுவிடுகிறார். குடியரசு நாளில் பீரங்கியால் சுடும் 21 குண்டு மரியாதை வேறு, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். சுடுவதற்கு முன்னோ பின்னோ கேட்கும் பியூகிள் இசைதான் 'லாஸ்ட் போஸ்ட்'. அப்போது துப்பாக்கியின் வாய் தரையைப் பார்த்திருக்கும், வீரர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் செல்போனை எடுக்காமல் இருந்தால் புண்ணியம்.

எங்கப்பா 17 வருசம் சர்வீஸ். போன வாரம் வீட்ல தவறிட்டாரு. தேசியக் கொடி போர்த்தலாமா?

இதுதான் மனசுக்குச் சங்கடமான கேள்வி. சட்டப்படி அரசு மரியாதையுடனோ, ராணுவம், துணை ராணுவப் படைகளின் மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் கொடி போர்த்தலாம். தனிப்பட்ட இறுதிச் சடங்கில் போர்த்துவது 1971-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்பா ஓய்வு பெற்று இயல்பாக இறந்தவர் என்றால், முறைப்படி ராணுவ மரியாதைக்கு ஏற்பாடாகியிருந்தால் ஒழிய, கொடி வேண்டாம். அவர் மெடல்களை ஒரு சிவப்புத் துணியில் வைத்துத் தலைமாட்டில் வையுங்கள். முன்னாள் படைவீரர் சங்கத்து ஆட்கள் வந்து மலர் வளையம் வைத்து சல்யூட் அடிப்பார்கள். எங்கள் சங்கத்தில் பியூகிள் ஊதத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மூச்சு வாங்கும், ஆனாலும் வருவார்.

கொடி போர்த்தும் இடத்திலும் முறை உண்டு. காவி நிறம் தலைப்பக்கம். குழியில் இறக்கும் முன், சிதையில் வைக்கும் முன் எடுத்துவிட வேண்டும். கொடி எரியக் கூடாது, புதையவும் கூடாது. மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுப்பார்கள்.

'தியாகி'ன்னு சர்ட்டிபிகேட் கேட்டா ஆபீஸ்ல இல்லைங்கிறாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லை. மேடையிலும் போஸ்டரிலும்தான் தியாகி. ராணுவக் காகிதத்தில் அந்தச் சொல் கிடையாது. சண்டையில் நேர்ந்த சாவு, காயம் (பேட்டில் கேஷுவல்டி) என்று ஒரு வகை, மற்ற காரணத்தால் நேர்ந்தது (பிசிக்கல் கேஷுவல்டி) என்று இன்னொரு வகை, இரண்டுதான். முதல் வகையில் வந்தால் குடும்பப் பென்ஷன் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் சண்டை போடுவதென்றால் எந்த வகையில் எழுதினார்கள் என்பதற்காகப் போடுங்கள், சொல்லுக்காகப் போடாதீர்கள்.

நாங்க இப்ப சித்தூர் ஜில்லா. தாத்தா வேலூர்ல சேர்ந்தவரு. எந்த ஆபீஸுக்குப் போறது?

உதவிகளுக்கெல்லாம் நீங்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஆகவே சித்தூர். ஆனால் சர்வீஸ் விவரம் எந்த மாநில அலுவலகத்திலும் இருக்காது, படைப்பிரிவின் ரெகார்டு ஆபீஸில் இருக்கும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சாப்பர் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல் என்றால் ஜபல்பூர், வண்டி, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். அங்கே எழுதும்போது நம்பர் இல்லாமல் எழுதினால் தபால் செலவுதான் மிச்சம்.

ஊர் முனையில அவருக்கு ஒரு செலை வெச்சிடலாமா?

சாலையில், நடைபாதையில், பொது இடத்தில் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பட்டா நிலத்தில் வைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அதைவிட எனக்குத் தோன்றுவது: சிலை வைத்த மறுவருஷம் காக்கை எச்சத்தோடு நிற்பதைப் பார்க்கிறேன். பெயர் பொறித்த ஒரு கல் போதும், பள்ளிக்கூடச் சுவரில்.

கல் நமக்குப் புதிதும் இல்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று நடுகல் நடுவதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியமே சொல்கிறது. திருப்பத்தூர், செங்கம், கிருஷ்ணகிரி பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பலவும், மாடு மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன் நட்டவை. எழுத்து தேய்ந்து பெயர் மறந்தாலும் பொங்கல் வைப்பது நிற்கவில்லை. ஆணையத்தார் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கல் தேய்ந்தால் எழுத்தை மறுபடி வெட்டுகிறார்கள், உடைந்தால் புதுக்கல் வைக்கிறார்கள், புல் வெட்டத் தோட்டக்காரர் வைத்திருக்கிறார்கள். கல் நடும் கமிட்டியில் சேர ஐம்பது பேர் வருவார்கள். வருஷா வருஷம் சுத்தம் செய்ய யார் என்று முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் வசூலுக்குப் போங்கள்.

நந்தம்பாக்கம் போறோம். தேங்கா ஒடச்சு கற்பூரம் ஏத்தலாமா?

கல்லின் மேல் வேண்டாம். மஞ்சள், குங்குமம், எண்ணெய் எல்லாம் கல்லில் ஊறிக் கறையாகிவிடும், கற்பூரப் புகை எழுத்தை மறைக்கும். பூ வைக்கலாம், மாலையைக் கல்லின் காலடியில் வைக்கலாம். படையல் போட வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் வீட்டில் போட்டுவிட்டு வாருங்கள்.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையிலேயே இருக்கிறது, பகலில் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. நவம்பர் 11-ஐ ஒட்டி நினைவுநாள் சடங்கு நடக்கும். அன்று கூட்டமும் அதிகாரிகளும் இருப்பார்கள், மற்ற நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். எந்த வரிசை, எந்தக் கல், சுவர் என்றால் எந்தப் பலகை என்பதை ஆணையத்தின் வெப்சைட்டிலிருந்து முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போன வருஷம் ஒரு குடும்பம் எழுதாமல் போய், மதிய வெயிலில் 1,039 பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தது. அவர்கள் தாத்தா பெயர் கொஹிமாவில்.